சத்தமில்லாத வண்டி செய்தவள்

பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இப்போது வங்கிப் புத்தகத்திலும் ஒரு நீதிமன்றத் தீர்ப்பிலும் மட்டும்தான் இருக்கிறது. பட்டறைத் தெருவில் சுத்தியல் என்று சொன்னால்தான் அவளைத் தெரியும். முதுகுக்குப் பின்னால் வைத்த பட்டப்பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் "என்ன?" என்று திரும்பிப் பார்ப்பாள்.

வயது நாற்பத்து நாலு. உயரம் குறைவு, தோள் அகலம், புருவத்தில் பழைய வெல்டிங் பொறி பட்ட தழும்பு. கோபம் மற்றவர்களுக்கு மூக்கின் மேல் வரும், இவளுக்கு நேரே கைக்கு வந்துவிடும். செத்துப்போன பேட்டரிக்குப் புது உறை மாட்டி விற்ற வியாபாரி ஒருவனை, அவன் விற்ற பேட்டரியையே தலையில் தூக்கவைத்துத் தெரு முனைவரை நடத்திக் கூட்டிவந்தவள். கட்டிய புருஷன் ஒருநாள் குடித்துவிட்டுக் கை நீட்டினான். மறுநாள் இரண்டு பல் குறைவாக, சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்டான். தேடிப் போக அவளுக்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை.

இப்படிப்பட்டவள் நோயாளிக்கு வலிக்காமல் போகும் ஒரு வண்டியைச் செய்தாள் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை அவள் எதிரில் சிரிக்காமல் இருந்தால் உடம்புக்கு நல்லது.

அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். மலைமேல் உள்ள குடியிருப்பில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே நாற்பது வீடு, ஒரு கல் குவாரி, ஒரு பள்ளிக்கூடம். கீழே இறங்க ஒரே பாதைதான். ஒரு ஜீப் அகலம், ஒன்பது வளைவு, ஒவ்வொரு வளைவுக்கு மேலேயும் ஒதுங்கக் கொஞ்சம் இடம், ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். பெரிய ஆம்புலன்ஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். மேலே போய்வருவது ஸ்டாண்டு ஜீப்கள் மட்டும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, ஏழு மாசக் கர்ப்பத்தில் அக்காவுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. மாமா, அதாவது அக்கா புருஷன், அவளைத் தூக்கி ஒரு ஜீப்பில் ஏற்றினார். பாதி வழியில் ரத்தம் சீட்டை நனைத்துக் கீழே சொட்டியது. ஜீப்காரன் வண்டியை நிறுத்தினான்.

"கீழ போனதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை ஏத்தணும். இந்தக் கோலத்துல முடியாது. எறங்குங்க."

மாமா காலில் விழுந்தார். அவன் கதவைத் திறந்துவிட்டான், அவ்வளவுதான். மாமா பெண்டாட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மீதிப் பாதையை நடந்தார். அடிவாரத்தில் டாக்டர் பார்த்தபோது அவள் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மாமாவுக்கு அது தெரியாது. வழியெல்லாம் அவளோடு பேசிக்கொண்டே வந்திருக்கிறார்.

காரியம் முடிந்த மறுநாள் இவள் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனாள். அந்த டிரைவரின் வலது கையைப் பிடித்து அவன் ஜீப்பின் பானெட் மேல் வைத்து, இரண்டு கிலோ சுத்தியலால் ஒரே ஒரு அடி அடித்தாள். இரண்டாவது அடிக்கு ஓங்கும்போது பிடித்துவிட்டார்கள். அவன் கையில் மூன்று விரல் அப்படியே விறைத்துப் போயின. அன்றிலிருந்து அவனுக்கு ஒத்தக்கை என்று பெயர். இவளுக்குச் சுத்தியல் என்று பெயர், கூடவே இரண்டேகால் வருஷம் ஜெயில்.

ஜெயில் பட்டறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யப் போட்டார்கள். அங்கேதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. படுத்திருக்கும் மனுஷனுக்கு இரண்டடி அகலம் இருந்தால் போதும். பிறகு எதற்கு ஆம்புலன்ஸ் ஆறரை அடி அகலம்? நாலடி அகலத்தில் ஒரு வண்டி இருந்தால் அந்த மலைப்பாதையில் ஆடு மாதிரி ஏறலாமே. இந்த எண்ணம் தலைக்குள் புகுந்தபிறகு ஜெயில் சீக்கிரம் போயிற்று.

வெளியே வந்ததும் பட்டறையைத் திறந்தாள். மாமாவும் மலையை விட்டு இறங்கிவந்து அவளோடு ஃபிட்டராகச் சேர்ந்துகொண்டார். அந்த ஜீப்களில் ஏறுவதில்லை என்று அவர் அன்றைக்கே முடிவுசெய்துவிட்டார். மேலே எதற்காவது போகவேண்டி வந்தால் நடந்தேதான் போவார்.

வண்டிக்கு ஆறு வருஷம் ஆனது. சரக்கு ஆட்டோவின் பின் அச்சு, காயலான் கடையில் கிடைத்த முன் சக்கரங்கள், மோட்டார் ஒன்று. பேட்டரிகளை மேலே வைத்தபோது வளைவில் சாய்ந்தது, எல்லாவற்றையும் தரைக்கு அடியில் கொண்டுபோனாள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கிறபோதெல்லாம் கொஞ்சம் சார்ஜ் திரும்ப ஏறும்படி செய்தாள். ஒரு பழைய ஜீப் வாங்குகிற விலைக்குள் மொத்த வண்டியும் அடங்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். ஏழை ஊருக்குப் பணக்கார வண்டி எதற்கு, நிறுத்தி வைத்துக் கும்பிடவா என்பாள்.

வாரத்துக்கு ஒருநாள் மலைக்கு நடந்தே ஏறி ஊசி போட்டுவிட்டு வரும் நர்ஸம்மாதான் பரீட்சை வைப்பவள். ஸ்ட்ரெச்சரில் படுத்து, நெஞ்சின் மேல் விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய டம்ளரை வைத்துக்கொண்டு "ஓட்டு" என்பாள். முதல் மாசம் அவள் குளித்தே போனாள். ஸ்கூட்டர் ஷாக் அப்சார்பர் நாலை வாங்கி ஸ்ட்ரெச்சரைத் தொங்கவிட்ட பிறகு டம்ளர் அசையவில்லை.

"தண்ணி சிந்தல. ஆனா உன் வண்டி இரைச்சல்ல நாளைக்கு ஒரு கர்ப்பிணி படுத்தா வயித்துக் குழந்தையோட நெஞ்சுச் சத்தம் எனக்குக் கேக்காது. ஸ்டெதஸ்கோப்ப வெச்சா உன் கியர்தான் கத்துது" என்றாள் நர்ஸம்மா.

அந்த ஒரு வார்த்தைக்காகச் சுத்தியல் மூன்று மாசம் அந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டினாள். பல்சக்கரத்தை எடுத்தெறிந்துவிட்டு பெல்ட் போட்டாள். மோட்டாருக்கு அடியில் ரப்பர், மூடிக்குள் பஞ்சு. கடைசியில் வண்டி பக்கத்தில் வந்து நின்றால்கூடத் தெரியாது. தெருவில் யார் முதுகுக்குப் பின்னாலாவது போய் நிறுத்தி, அவன் துள்ளிக் குதிப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். பதினோரு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஜீப் ஸ்டாண்டுக்கு வயிறு எரியாமல் இருக்குமா? ஒத்தக்கை அதற்குள் ஸ்டாண்டுக்குத் தலைவனாகியிருந்தான். ஒரு மத்தியானம் ஏழு பேர் இரும்புக் கம்பியோடு பட்டறைக்குள் நுழைந்தார்கள். வண்டியின் கண்ணாடி போயிற்று, கதவு போயிற்று, மாமாவின் விலா எலும்பு ஒன்று போயிற்று. சுத்தியலுக்கு மண்டையில் பதினொரு தையல். வந்த ஏழு பேரில் நாலு பேரை மற்ற மூன்று பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரமே வண்டிக்குப் புதுக் கதவு மாட்டிவிட்டாள்.

இந்தச் சண்டை சுகாதார அலுவலகம்வரை போனதில் ஒரு நன்மை விளைந்தது. அங்கே இருந்த அதிகாரியம்மா நேரில் வந்து வண்டியைப் பார்த்தார். படுத்துப் பார்த்தார், டம்ளரையும் வைத்துப் பார்த்தார். முப்பது தடவை மலை ஏறி இறங்கட்டும், ஒரு விபத்தும் இல்லை என்றால் இதே மாதிரி பன்னிரண்டு வண்டிகள் செய்யச் சொல்கிறேன், ஆம்புலன்ஸ் போகப் பாதை இல்லாத ஊர்கள் இன்னும் பதினொன்று இருக்கின்றன என்றார். ஜீப்காரர்களோடு உரசல் வேண்டாம் என்று, காலை ஆறிலிருந்து எட்டுவரை மட்டும் ஓட்ட அனுமதி. அந்த நேரம் ஜீப்களெல்லாம் ஸ்டாண்டில் குளித்துக்கொண்டிருக்கும். இருபத்தாறு தடவை ஒரு கீறல் இல்லாமல் முடிந்தது. பன்னிரண்டு வண்டிக்கும் எந்தெந்த நிறம் அடிப்பது என்பதில் அவளுக்கும் மாமாவுக்கும் சண்டைகூட வந்துவிட்டது.

அந்தப் பாதையில் ஜீப்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறங்கி வரும்போது ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் எஞ்சினை அணைத்துவிட்டு, சும்மா நிற்பார்கள். பிறகு அப்படியே உருட்டிக்கொண்டு வளைவைத் தாண்டுவார்கள். டீசல் மிச்சம் பிடிக்கிற கஞ்சப் பயல்கள் என்று பயணிகள் கேலி செய்வது வழக்கம். மாமாவும் அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வார். சுத்தியலும் அப்படித்தான் நம்பினாள். டிரைவர்களில் ஒருவனாவது அவளோடு பேசுகிறவனாக இருந்தால் உண்மை தெரிந்திருக்கும். பேசுகிறவன் ஒருவன் இருந்தான், ஒத்தக்கையின் தம்பி. எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுவதால் அவனுக்குச் சிரிப்பு என்றே பெயர். பட்டறையை அடித்து நொறுக்க வரமாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லி அறை வாங்கியவன். இவளைத் தெருவில் பார்த்தால் "என்னக்கா, வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்பான். "உங்கண்ணன்கிட்டப் போய்க் கேளு" என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த ஒரு வாசலையும் அவளே சாத்தினாள்.

ஒரு நாள் மத்தியானம் இரண்டரைக்கு நர்ஸம்மா ஓடிவந்தாள். குவாரியில் கல் உருண்டு ஒருவன் தொடை நசுங்கிவிட்டது, துணியைக் கட்டி வைத்திருக்கிறார்கள், ரத்தம் நிற்கவில்லை என்று மேலேயிருந்து போன். அனுமதி காலையில் மட்டும்தான். சுத்தியல் அதிகாரியம்மாவுக்குப் போன் போட்டாள். "போங்க. நான் பொறுப்பு" என்றார் அவர். முதல் முறையாக ஒரு நிஜ நோயாளிக்காக வண்டி கிளம்பியது. சுத்தியல் ஓட்ட, நர்ஸம்மாவும் மாமாவும் பின்னால் இருந்தார்கள்.

ஐந்தாம் வளைவு. அவள் ஹாரன் அடித்துக்கொண்டேதான் ஏறினாள். அங்கே பாறை ஹாரனை வாங்கி நாலு பக்கமும் வீசும். எது மேலே எது கீழே என்று கடவுளுக்குத்தான் தெரியும். வளைவின் மறுபக்கம் சிரிப்பின் ஜீப் இறங்கி வந்து, எஞ்சினை அணைத்து நின்று, உற்றுக் கேட்டு, பிறகு உருண்டு வந்தது.

பத்தடி தூரத்தில் இரண்டு முகமும் ஒன்றையொன்று பார்த்தன. பாறைப் பக்கம் ஒடித்திருந்தால் ஜீப் இவள் வண்டியைப் பாறையோடு சேர்த்து அப்பளமாக நசுக்கியிருக்கும், அவனுக்குச் சிராய்ப்போடு போயிருக்கும். அவன் பள்ளத்துப் பக்கம் ஒடித்தான். யோசித்துச் செய்தானா, கை தானாகத் திரும்பியதா என்று இனி யாரிடம் கேட்பது? ஜீப் விளிம்பில் ஒருதரம் தலையாட்டிவிட்டு உள்ளே போனது. இரும்பு கல்லில் மோதும் சத்தம் மூன்று முறை வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

நாற்பது அடி கீழே ஒரு மரத்தில் ஜீப் சிக்கியிருந்தது. சிரிப்பு அதற்கும் மேலே, வெளியே வீசப்பட்டு ஒரு கல்லில் மல்லாந்து கிடந்தான். வாயிலிருந்து ரத்தம், கண் திறந்திருந்தது, காலை அசைக்கச் சொன்னால் அசையவில்லை.

"கழுத்து. பலகை இல்லாம யாரும் தொடாதீங்க" என்றாள் நர்ஸம்மா.

ஸ்ட்ரெச்சரைக் கழற்றி இறக்கினார்கள். அவனைத் துணியாலும் பெல்ட்டாலும் கட்டி, தலைக்கு இரு பக்கமும் நர்ஸம்மாவின் செருப்பை முட்டுக்கொடுத்து, மேலே மாமா, கீழே சுத்தியல் என்று அங்குலம் அங்குலமாகச் சரிவில் ஏற்றினார்கள். கல் துருத்திய இடத்தில்தான் கால் வைக்க முடியும், அவ்வளவு செங்குத்து. பாதி தூரம் வந்திருப்பார்கள். மேலே ரோட்டில் இன்னொரு ஜீப் ஏறி வந்து நின்றது. ஒத்தக்கை இறங்கி எட்டிப் பார்த்தான்.

தம்பியைப் பார்த்தான். இவளைப் பார்த்தான். ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு சரிவில் சறுக்கி வந்தான்.

"என் கை பத்தலையாடி உனக்கு? என் தம்பியும் வேணுமா?"

முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவது தொடையில். சுத்தியல் என்று பெயர் வாங்கியவள், வாழ்க்கையில் வாங்கிய அடியை வைத்துக்கொண்டு தூங்காதவள், கையை எடுக்கவில்லை. எடுத்தால் ஸ்ட்ரெச்சர் பள்ளத்துக்குப் போய்விடும். மேலே மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினார், அவராலும் விட முடியாது.

"அடி. அந்தப் பக்கத்துக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு அடி" என்றாள் அவள்.

அவனுக்குக் காதிலேயே ஏறவில்லை. மூன்றாவது அடி இடது தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் மேலே ரோட்டில் நின்ற நர்ஸம்மாவுக்கே கேட்டது. இடது கை செத்து விழுந்தது. ஸ்ட்ரெச்சர் ஒருபக்கமாகச் சாய்ந்தது, சிரிப்பின் உடம்பு பெல்ட்டுக்குள் வழுக்கியது. ஒத்தக்கை கம்பியை விட்டெறிந்துவிட்டுப் பாய்ந்து கைப்பிடியைப் பிடித்தான். அதன்பிறகு மூன்று பேருமாகத் தூக்கினார்கள். மேலே வந்து சேரும்வரை அவன் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே தூக்கினான். அவளும் சும்மா இல்லை, ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தாள்.

ரோட்டில் வைத்ததும் அவன் அவள் கழுத்தைப் பிடித்தான்.

"எஞ்சினை நிறுத்திக் கேட்டிருப்பான்டி அவன்! இருபது வருஷமா இந்த ரோட்டுல நாங்க அப்படித்தான் உயிரோட இருக்கோம். ஹாரன் எங்கேருந்து வருதுன்னு இங்க தெரியாது, அதை நம்பமாட்டோம். ஏறுற வண்டியோட எஞ்சின் கத்தும். கத்துனா எறங்குறவன் நிப்பான். கத்தலைன்னா வருவான். அவன் கேட்டுட்டுத்தான் வந்திருப்பான். உன் வண்டி செத்த பாம்பாட்டம் வந்துச்சு!"

டீசல் இல்லை. கஞ்சத்தனம் இல்லை. அந்த மூன்று மாசம், அந்த ரப்பர், அந்தப் பஞ்சு, அந்த பெல்ட் எல்லாம் ஒரே நொடியில் அவள் கண் முன்னால் வந்தன. கழுத்தில் இருந்த கையைத் தள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. நர்ஸம்மாதான் அவன் கையைக் கடித்து விலக்கினாள். ஆமாம், கடித்தாள். நர்ஸ் கடிக்கமாட்டாள் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

"சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க. இவனை எப்படி எறக்குறது?"

"என் ஜீப்புல ஏத்துங்க. இந்தச் சனியன்ல என் தம்பியை ஏத்தமாட்டேன்" என்றான் ஒத்தக்கை.

"உன் ஜீப்புல ஏத்துனா ரெண்டாவது குலுக்கல்ல கழுத்து ஒடிஞ்சு செத்துருவான். இந்த வண்டியில போனா ஒருவேளை பொழைக்கலாம். உன் தம்பி, நீயே சொல்லு" என்றாள் நர்ஸம்மா.

அவன் அந்த வண்டியைப் பார்த்தான். அதை உதைத்தான், மறுபடி உதைத்தான், கதவு நெளிகிறவரை உதைத்தான். பிறகு தானே அந்தக் கதவைத் திறந்து பிடித்தான்.

"மேல ஒருத்தன் கெடக்கான். தொடை நசுங்கிக் கெடக்கான். நான் உன் தம்பியைக் கொண்டு போறேன். நீ போய் அவனைக் கொண்டா" என்றாள் சுத்தியல்.

அவன் ஜீப்பில் ஏறினான். அவனுக்கு வழி தெரியும், காயத்தை அழுத்திப் பிடிக்கத்தான் ஓர் ஆள் வேண்டும். மாமா ஜீப்பின் பக்கத்தில் போய் நின்றார். பதினோரு வருஷமாக அவர் எந்த ஜீப்பைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போவாரோ அதே ஜீப். அதே சீட், உறை மட்டும் மாறியிருந்தது. ஏறி உட்கார்ந்தார். "போ" என்றார்.

ஒற்றைக் கையால் அவள் ஐந்து வளைவு இறக்கினாள். வலி அவளைக் கத்தவைத்தது, கத்திக்கொண்டே ஓட்டினாள். அதனால் எதிரே வருகிறவர்களுக்கு அவள் சத்தமாவது கேட்டது. பின்னால் நர்ஸம்மா சிரிப்பின் தலையை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, "சிந்தல, சிந்தல, ஓட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

குவாரிக்காரனை ஒத்தக்கை ஒரு மணி நேரத்தில் இறக்கினான். சீட்டெல்லாம் ரத்தம், மாமாவின் மடியெல்லாம் ரத்தம். எந்த வளைவிலும் அவன் வண்டியை நிறுத்தி யாரையும் இறங்கச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் மாமா இறங்கிச் சுவரோரம் போய் வாந்தி எடுத்தார். குவாரிக்காரனுக்கு ஒரு கால் போயிற்று, உயிர் நின்றது. சிரிப்பு மூன்றாம் நாள் காலையில் செத்துப்போனான்.

பத்து நாள் கழித்து சுகாதார அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். நீள மேஜை. ஒரு பக்கம் கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி சுத்தியல், எதிர்ப் பக்கம் ஒத்தக்கை, நடுவில் அதிகாரியம்மா. போலீஸ் அறிக்கையை அவர் படித்தார். ஜீப் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்கியிருக்கிறது, அது சட்டப்படி குற்றம், ஆம்புலன்ஸ் மேல் தவறு இல்லை என்று இருந்தது. இந்த விபத்து முப்பதில் சேராது, இன்னும் நாலு தடவை ஓட்டினால் பன்னிரண்டு வண்டிக்கும் உத்தரவு போட்டுவிடலாம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

ஒத்தக்கை உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி மேஜைமேல் அடித்தான். கண்ணாடிக் குவளை சிதறியது. காவலாளிகள் இரண்டு பேர் அவனைக் கீழே தள்ளி, முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினார்கள். ஒருவன் முகத்தில் குத்தினான். தரையில் கன்னம் அழுந்த அவன் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "கேட்டான். கேட்டுட்டுத்தான் வந்தான்."

அவளுக்குச் சும்மா இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டால் பன்னிரண்டு வண்டி. பதினொரு ஊர். அக்காவை இறக்கிவிட்டவன் தரையில் கிடந்து அடிவாங்குகிறான். இதைவிட வேறென்ன வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது.

"அவனை விடுங்க. அவன் சொல்றது நெசம்" என்றாள்.

எழுந்து நின்றாள். "இந்த ரோட்டுல காதுதான் சட்டம். எனக்கு அது தெரியல. என் வண்டி சத்தம் போட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு மேடம். நான்தான் மூணு மாசம் உக்காந்து அதை நிறுத்துனேன். அந்தப் பையனைக் கொன்னது நான்தான். அறிக்கையை மாத்தி எழுதுங்க."

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாற்றி எழுதினால் இருபத்தாறும் போய்விடும், பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் வண்டியை மாற்றிச் செய்த பிறகுதான் என்றார். "போகட்டும்" என்றாள் இவள். போலீஸ் வழக்கு தனியாக வரும் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவள் தன் வண்டியைத் தானே அடித்தாள். வலது கையில் சுத்தியலை எடுத்து பெல்ட் மூடியை நொறுக்கினாள், விளக்கை நொறுக்கினாள், மாமா சிவப்புப் பட்டை ஒட்டியிருந்த தகரத்தை நெளித்தாள். மாமா தடுக்கவில்லை. அவள் கை ஓய்ந்து தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்கக்கா செத்ததுக்கு ஒரு கையை ஒடச்ச. இதுக்கு எதை ஒடைப்ப?"

"என்னைத்தான்."

"அது ஏற்கெனவே ஒடஞ்சிருக்கு. வேலையைப் பாரு" என்றார் மாமா.

மறுநாள் பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி பல்சக்கரம் மாட்டினாள். அது கத்திய கத்தலில் நர்ஸம்மா காதைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வெளியே போக வேண்டும், உள்ளே வரக்கூடாது. ஸ்பீக்கர் மாட்டலாம் என்று பலபேர் யோசனை சொன்னார்கள். மழையில் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டால் இன்னொருவன் சாவான், இரும்புதான் வேண்டும் என்றாள். ஏற்றத்தில் மட்டும் சுழலும்படி ஒரு பல்வளையம், அதில் மோதித் தடதடக்கும் எஃகுப் பட்டை, அதை முன்பக்கமாக வீச ஒரு தகரக் குழாய். ஸ்ட்ரெச்சர் அறைக்குக் கீழே இரட்டை ரப்பர். இரண்டு மாசம் ஆனது. அது போதுமா என்று சொல்ல அவளால் முடியாது. அந்த வளைவுகளில் இருபது வருஷம் நின்ற காது ஒன்றுதான் சொல்ல முடியும்.

ஸ்டாண்டுக்குப் போனாள். சுத்தியலோடு போன அதே ஸ்டாண்டு, இப்போது வெறுங்கை. டிரைவர்கள் சுற்றி வளைத்தார்கள். ஒருவன் காறித் துப்பினான், ஒருவன் பின்னாலிருந்து உதைத்தான், மண்ணில் விழுந்து எழுந்தாள். ஒத்தக்கை ஜீப் படியில் உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு உன் மன்னிப்பு வேணாம். நானும் உன்னை மன்னிக்கல, சாகுறவரைக்கும் மன்னிக்கமாட்டேன். எனக்கு உன் காது வேணும். புதன்கிழமை காலைல பத்து மணிக்கு அஞ்சாம் வளைவுக்கு வா" என்றாள்.

அவன் எழுந்து வந்து அவளை ஓங்கி ஓர் அறை அறைந்தான். உதடு கிழிந்தது. அவள் துடைத்துக்கொண்டு, "பத்து மணி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

புதன்கிழமை அவன் வந்திருந்தான். வளைவுக்கு மேலே ஜீப்பை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, தனியாக உட்கார்ந்திருந்தான். மாமாவும் நர்ஸம்மாவும் பாறையோரம் நின்றார்கள். சுத்தியல் கீழிருந்து ஏறினாள். அவன் கையை அசைத்தான், போதாது. ஓடைச் சத்தத்தோடு கலந்துவிடுகிறது என்றான். அவள் இறங்கி, குழாயைத் திருப்பி, பட்டையை முறுக்கி, மறுபடி ஏறினாள். அதுவும் போதாது. காற்று கீழ்நோக்கி அடிக்கும்போது காணாமல் போகிறது. நாலு தடவை, ஐந்து தடவை. வெயில் ஏறியது. ஒவ்வொரு தடவையும் அவன் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டான்.

ஆறாவது தடவை வளைவைத் தாண்டி அவள் மேலே வந்தபோது அவன் கையை அசைக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தான். அவள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் ஜீப் பக்கத்தில் நின்றாள்.

"எத்தனாவது வளைவுல கேட்டுச்சு?"

"நீ மூணாம் வளைவைத் தாண்டும்போதே கேட்டுருச்சு." அவன் தலையை நிமிர்த்தவில்லை. "என் தம்பிக்கு இது கேட்டிருக்கும்."

அவள் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவன் அழுது முடிக்கிறவரை. பிறகு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எஞ்சினைப் போட்டான். "ஏறுற வண்டிக்குத்தான் வழி. போ" என்று ஜீப்பைப் பின்னால் எடுத்துப் பாறையோரம் ஒதுக்கினான்.